ரீப்பர் 7 மதிப்பீடு: சாஃப்ட்வேர் மாறும்போது பிளகின்கள் எங்கே போகின்றன?

புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று வீட்டு மாடியறையில் நடக்கும் சின்ன ஸ்டுடியோக்களில் பக்திப் பாடல், திருச்சபைப் பாடல், கல்யாண வீடியோவுக்கு பின்னணி என்று எல்லா வேலையும் நடக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ் போன்ற இசை சாஃப்ட்வேரில் கை பழகியவர்கள் ரீப்பர் என்ற இன்னொரு இசை சாஃப்ட்வேருக்கு மாற நினைக்கும்போது முதல் நாளே ஒரு இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். ரீப்பரைத் திறந்து எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தினால் ரியாஈக்யூ, ரியாகாம்ப் என்று அதன் சொந்தச் சரக்கு மட்டும் வரிசையாக நிற்பதுண்டு. காசு கொடுத்து வாங்கிய கான்டாக்ட் சாம்ப்ளர் இல்லை, வேவ்ஸ் எஃபெக்ட்கள் இல்லை, ஐந்து வருடமாகச் சேர்த்த சின்த் ஒன்றும் இல்லை. அந்த நிமிடத்திலேயே ரீப்பரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு பழைய இடத்துக்குத் திரும்புகிறவர்கள் உண்டு.

அப்படித் திரும்ப வேண்டியதில்லை. பிளகின் என்பது இசை சாஃப்ட்வேருக்குள் சேர்த்து ஓட்டும் வாத்தியம் அல்லது எஃபெக்ட். 'பிளகின் காணோம்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பிளகின் இருக்கும் இடம் ரீப்பருக்குத் தெரியாமல் இருக்கலாம். இடம் தெரிந்தும் திறக்க முடியாமல் போயிருக்கலாம். அது பழைய சாஃப்ட்வேருக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் பொருளாகவும் இருக்கலாம். முதல் இரண்டையும் தீர்த்துவிடலாம். மூன்றாவதற்கு, மாறுவதற்கு முன்பே வேலை செய்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் ரீப்பர் எவ்வளவு ஒழுங்காகக் கையாள்கிறது என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

ரீப்பரைச் செய்வது காக்கோஸ் நிறுவனம். வின்ஆம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கியது. 2005 இறுதியில் வெளிவந்து, 2023 அக்டோபரில் 7-ஆம் பதிப்பை எட்டியது. விண்டோஸ் இன்ஸ்டாலர் 20 எம்பிக்கும் குறைவு. 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். அதன் பிறகு லைசென்ஸ் 60 டாலர். இது தனிப்பட்ட உபயோகத்துக்கும், வருட வரவு 20,000 டாலரைத் தாண்டாத ஸ்டுடியோவுக்கும் உள்ள விலை. அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 225 டாலர். 7-இல் வாங்கினால் 8-ஆம் பதிப்பு முடியும்வரை அப்டேட் இலவசம். நம் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்கள் எல்லாம் 60 டாலர் வரம்புக்குள் வந்துவிடும். இந்த விலைக்கு இதைவிட நல்ல மிக்ஸிங் சாஃப்ட்வேரைக் காட்ட முடியாது. ஆனால் வாத்தியச் சரக்கு கிட்டத்தட்ட இல்லை. ரியாசின்த் என்ற மிக எளிய சின்தும், சாம்பிளைப் போட்டு வாசிக்கும் ரியாசாம்ப்லோமேட்டிக் 5000-உம் போன்ற சில மட்டும்தான். அதனால் வெளி பிளகின்கள் கிடைக்காவிட்டால் மற்ற சாஃப்ட்வேர்களைவிட ரீப்பரில் கை அதிகமாகக் கட்டிப்போகும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பிளகின்கள் பெரும்பாலும் விஎஸ்டி என்ற வடிவத்தில் வரும், விஎஸ்டி2 பழையது, விஎஸ்டி3 புதியது. விண்டோஸில் விஎஸ்டி3 பிளகின்களுக்கு, அந்த வடிவத்தை உருவாக்கிய ஸ்டெயின்பெர்க் நிறுவனம் ஒரே இடத்தை நிர்ணயித்திருக்கிறது: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. ஆகவே விஎஸ்டி3 தொலைவது அபூர்வம். தலைவலி எல்லாம் பழைய விஎஸ்டி2-இல்தான். அதற்கு அப்படி ஒரு பொது இடம் என்றைக்கும் கிடையாது. சில புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விஎஸ்டிபிளகின்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். சில ஸ்டெயின்பெர்க் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் விஎஸ்டிபிளகின்ஸில். சில காமன் ஃபைல்ஸுக்குள் விஎஸ்டி2 என்ற ஃபோல்டரில். எஃப்எல் ஸ்டுடியோ பழகியவர்களில் பலர் சி டிரைவ் நிறைந்துவிடுமே என்று டி டிரைவில் தாங்களே ஒரு ஃபோல்டர் போட்டு, அதன் முகவரியை எஃப்எல்லின் பிளகின் மேனேஜரில் ஒரு முறை கொடுத்து, அப்படியே மறந்திருப்பார்கள். அந்த முகவரி எஃப்எல்லுக்கு மட்டும் தெரியும். ரீப்பருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை பழைய சாஃப்ட்வேரைத் திறப்பது. எஃப்எல்லில் ஆப்ஷன்ஸ் மெனுவில் மேனேஜ் பிளகின்ஸ் போனால் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல் இருக்கும். கியூபேஸில் ஸ்டுடியோ மெனுவில் விஎஸ்டி பிளகின் மேனேஜர். அந்த முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ரீப்பரில் கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி பிரிஃபரன்சஸைத் திறந்து, இடப்பக்கம் பிளகின்ஸ் தலைப்புக்குக் கீழே விஎஸ்டி-யைத் தேர்ந்தெடுங்கள். எடிட் பாத் லிஸ்ட் பட்டனில் ஒவ்வொரு முகவரியாகச் சேர்க்கலாம். பெட்டியில் நேரடியாக டைப் செய்தால் ஒரு முகவரிக்கும் அடுத்ததற்கும் நடுவே அரைப்புள்ளி வேண்டும். ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டர்களை ரீப்பர் தானே தேடிக்கொள்ளும், தாய் ஃபோல்டரைக் காட்டினால் போதும். பக்கத்தில் இருக்கும் ஆட்டோ டிடெக்ட் பட்டன் வழக்கமான இடங்களைக் கண்டுபிடித்துச் சேர்க்கும். நாமே உருவாக்கிய ஃபோல்டர் அதற்குத் தெரியாது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. ஒவ்வொன்றாகச் சேர்க்க அலுத்து, சி டிரைவையோ புரோகிராம் ஃபைல்ஸையோ முழுதாகக் கொடுத்துவிடுகிறார்கள். விஎஸ்டி2 பிளகின் என்பது டிஎல்எல் ஃபைல். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான டிஎல்எல் இருக்கும், அவற்றில் எது பிளகின் என்பது பெயரை வைத்துத் தெரியாது. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கப் போனால் ஸ்கேன் முடியவே முடியாது, நடுவில் ஏதாவது ஒன்றில் முடங்கவும் செய்யும். பிளகின் ஃபோல்டரை மட்டும் கொடுங்கள்.

முகவரி கொடுத்தபின் ரீஸ்கேன் பட்டன். அதில் இரண்டு வகை இருக்கிறது. புதிதாக வந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டும் பார்ப்பது ஒன்று. கேஷை, அதாவது முந்தைய ஸ்கேனின் பதிவை, அழித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது இன்னொன்று. சாஃப்ட்வேர் மாறுகிற நேரத்தில் இரண்டாவதைத்தான் அழுத்த வேண்டும். காரணம் இதுதான்: ஒரு பிளகின் ஒரு முறை ஸ்கேனில் தோற்றுவிட்டால் ரீப்பர் அதைத் தன் பட்டியலில் தோற்றதாகவே குறித்துக்கொண்டு அடுத்த முறை தொடாமல் தாண்டிப் போகும். லைசென்ஸ் சரிசெய்தபிறகும் பிளகின் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கேஷ் அழித்தால் மறுபடி முயற்சி செய்யும். ஆப்ஷன்ஸ் மெனுவில் ஷோ ரீப்பர் ரிசோர்ஸ் பாத் என்பதை அழுத்தினால் திறக்கும் ஃபோல்டரில் இந்தப் பட்டியல் ஒரு ஐஎன்ஐ ஃபைலாகவே இருக்கிறது. நோட்பேடில் திறந்து எந்த பிளகின் பெயரில்லாமல் வெறும் ஃபைல் வரியாக நிற்கிறது என்று பார்த்துவிடலாம். கியூபேஸ் இதே விஷயத்தை பிளாக்லிஸ்ட் என்று தனியாகப் பிரித்துக் கண்ணில் படும்படி காட்டுகிறது. ரீப்பரில் அது அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாதது உண்மையான குறை. புதிதாக வருகிறவர் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எஃப்எக்ஸ் பிரவுசரின் தேடல் பெட்டியையும் ஒரு முறை பாருங்கள். முன்பு டைப் செய்த எழுத்து அதிலேயே நின்றுவிட்டால், அந்த எழுத்து இல்லாத பிளகின்கள் எதுவும் தெரியாது. இடப்பக்கப் பட்டியலில் காக்கோஸ் என்ற வகை தேர்வாகியிருந்தாலும் ரீப்பரின் சொந்த பிளகின்கள் மட்டுமே தெரியும். ஆல் பிளகின்ஸைத் தேர்ந்தெடுத்து, பெட்டியைக் காலியாக்கிவிட்டுப் பாருங்கள்.

அடுத்து, இடம் சரியாக இருந்தும் திறக்க மறுப்பவை. இங்கே முதல் கேள்வி 32 பிட்டா 64 பிட்டா என்பது. பத்துப் பதினைந்து வருடம் முந்தைய இலவச பிளகின்கள், ஆர்கனும் வீணையும் தபலாவும் என்று கைமாறிக் கைமாறி வந்தவை, பல 32 பிட். கியூபேஸ் 2016-இல் 9-ஆம் பதிப்போடு 32 பிட்டைக் கைகழுவிவிட்டது. விண்டோஸில் ரீப்பர் இன்றும் அவற்றைத் தனி புராசஸில் போட்டு ஓட்டுகிறது, அதுவும் தானாகவே. வேறு ஏதும் செய்ய வேண்டாம். கியூபேஸ் 9-க்கு மாறியபோது இழந்த ஒரு பழைய ஆர்மோனியம் பிளகின் ரீப்பரில் திரும்பக் கிடைக்கலாம். இந்த விஷயத்தில் ரீப்பருக்கு முழு மதிப்பெண். மேக்கில் இந்த வழி இல்லை, 2019-இல் வந்த கேட்டலினாவோடு ஆப்பிள் 32 பிட்டை முழுதாக நிறுத்திவிட்டது.

ஏதாவது ஒரு பிளகின் ரீப்பரையே மூடவைக்கிறது என்றால் எஃப்எக்ஸ் பிரவுசரில் அதன் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் என்பதில் டெடிகேட்டட் புராசஸ் என்று மாற்றிவிடுங்கள். அப்போது விழுந்தால் அந்த பிளகின் மட்டும் விழும், பாட்டு தப்பிக்கும். மெமரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது பெரிய விலையில்லை.

வேவ்ஸ் முழுக் குடும்பமும் ஒன்றாகக் காணாமல் போனால் குழம்ப வேண்டாம். வேவ்ஸ் பிளகின்கள் தனித்தனி விஎஸ்டி ஃபைலாக ரீப்பர் போன்ற சாஃப்ட்வேரிடம் வருவதில்லை. வேவ்ஷெல் என்ற ஒரு ஃபைல்தான் வாசல், அத்தனையும் அதன் வழியாகத்தான் வரும். விஎஸ்டி3 ஃபோல்டரில் வேவ்ஷெல் என்று தொடங்கும் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேவ்ஸ் சென்ட்ரலைத் திறந்து ரிப்பேர் செய்தால் திரும்ப வரும். ஷெல் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் லைசென்ஸ் இந்த கம்ப்யூட்டரில் இருக்கிறதா, கிளவுடிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். சாஃப்ட்வேரோடு சேர்த்து கம்ப்யூட்டரையும் மாற்றியவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் நடக்கும்.

ஐலாக் என்ற லைசென்ஸ் முறையில் ஓடும் பிளகின்களுக்கு ஐலாக் லைசென்ஸ் மேனேஜர் நிறுவப்பட்டு, அதன் பின்னணி சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது ஓடாத நேரத்தில் ரீப்பர் ஸ்கேன் செய்தால் எல்லாம் தோற்றதாகக் குறிக்கப்படும். லைசென்ஸை முதலில் சரிசெய்து, பிறகு கேஷ் அழித்து ஸ்கேன் செய்யுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை வேலை.

எந்தச் செய்தியும் காட்டாமல் ஒரு பிளகின் வராமல் போவதற்கு இன்னொரு காரணம், மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லாதது. ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டருக்கு, பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து டிஎல்எல் ஃபைலை மட்டும் காப்பி செய்து ஒட்டுவது நம் பக்கம் வழக்கம். சின்ன இலவச பிளகின்களில் சில அப்படியே ஓடிவிடும். பெரியவை ஓடாது, ஏனென்றால் இன்ஸ்டாலர் போட்டுவைக்கும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், ரெஜிஸ்ட்ரி பதிவு, பிரீசெட் ஃபோல்டர் எதுவும் காப்பியில் வராது. இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுவதுதான் வழி. கிராக் செய்த பிளகின்களில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். இன்ஸ்டாலர் கையில் இருக்காது, இருந்தாலும் ஆன்டிவைரஸ் பாதி ஃபைலைத் தூக்கியிருக்கும், எது குறைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கான்டாக்ட் பிளேயர், சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டீசென்ட் சாம்ப்ளர், வல்ஹல்லா சூப்பர்மேசிவ், டிடிஆர் நோவா எல்லாம் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அந்த வம்புக்கே போக வேண்டாம்.

விண்டோஸில் யூசர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பழைய பிளகின்கள் சில, பிரீசெட்டையும் லைசென்ஸ் ஃபைலையும் அந்த யூசர் ஃபோல்டருக்குள் தேடும். முகவரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் தடுமாறும். ஆங்கில எழுத்தில் புதிய யூசர் கணக்கு ஒன்று உருவாக்கி அதில் ஓட்டிப் பாருங்கள்.

பிளகின் திறக்கிறது, ஆனால் ஒலி இல்லை என்பது வேறு சங்கதி. கான்டாக்ட்டில் சாம்பிள்ஸ் மிஸ்ஸிங் என்று வந்தால் வெளி ஹார்ட் டிஸ்கின் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். முன்பு ஈ டிரைவாக இருந்தது இப்போது எஃப் ஆகியிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் எல்லா லைப்ரரியும் ஒரே நேரத்தில் சரியாகும். கான்டாக்ட்டின் ஒவ்வொரு பெரிய பதிப்பும் தனித்தனி பிளகின் என்பதையும் நினைவில் வையுங்கள். கான்டாக்ட் 5-இல் சேமித்த புராஜெக்ட், கம்ப்யூட்டரில் 7 மட்டும் இருந்தால் 5-ஐ இல்லை என்றுதான் சொல்லும். இன்னொன்று, கீபோர்டு வாசித்தும் சத்தம் வராவிட்டால் ரீப்பரில் டிராக்கின் சிவப்புப் பட்டனையும் மானிட்டரையும் ஆன் செய்து, இன்புட்டை மிடிக்கு மாற்ற வேண்டும். எஃப்எல்லில் சேனலைத் தேர்ந்தெடுத்தாலே ஒலித்துப் பழகியவர்களுக்கு இது புதிது.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: பிளகின்கள் மெயின் லைப்ரரி ஃபோல்டரில் ஆடியோ, அதற்குள் பிளகின்ஸ், அதற்குள் விஎஸ்டி, விஎஸ்டி3, காம்போனன்ட்ஸ் என்று பிரிந்திருக்கும். ஆப்பிளின் இசை சாஃப்ட்வேரான லாஜிக்கில் ஏயூ என்ற ஆப்பிள் வடிவ பிளகின்கள் மட்டுமே ஓடும், ரீப்பரில் ஏயூவும் விஎஸ்டியும் இரண்டும் ஓடும். ஆகவே லாஜிக்கிலிருந்து வருகிறவர்களின் வெளி பிளகின்கள் ரீப்பரில் வந்துவிடும். டெவலப்பரைச் சரிபார்க்க முடியவில்லை என்று மேக் தடுத்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ஓப்பன் எனிவே கொடுங்கள். எம்1-க்குப் பிந்தைய கம்ப்யூட்டர்களிலும் இன்டெல் காலத்து விஎஸ்டிகளை ரீப்பர் தனி புராசஸில் ஓட்டும்.

இனி மூன்றாவது வகை. பழைய சாஃப்ட்வேரோடு பிறந்தவை. எஃப்எல்லின் ஃபிளெக்ஸ், ஃபுரூட்டி பாராமெட்ரிக் ஈக்யூ 2, கியூபேஸின் ஃபிரீக்வென்சி போன்ற உள்ளமைந்த எஃபெக்ட்கள், லாஜிக்கின் ஆல்கெமி. எந்த ஃபோல்டரை எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் இவை ரீப்பரில் தனியாக வரப்போவதில்லை. அவை அந்தந்த வீட்டின் சுவரோடு கட்டிய அலமாரி.

எஃப்எல்லுக்கு மட்டும் ஒரு அழகான பக்கவாட்டு வழி உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவே ஒரு விஎஸ்டி பிளகினாகவும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோ விஎஸ்டிஐ என்ற பெயரில் அது ரீப்பரின் பட்டியலில் வந்தால், ஒரு டிராக்கில் அதைப் போட்டு, அதற்குள் பழைய புராஜெக்டையே திறக்கலாம். ஃபிளெக்ஸ் உள்ளே வாசிக்கும், ரீப்பர் வெளியே மிக்ஸ் செய்யும். கம்ப்யூட்டருக்குப் பாரம் கூடும், எஃப்எல் லைசென்ஸும் தொடர்ந்து இருக்க வேண்டும். பாதி முடிந்த பாட்டைக் கரைசேர்க்க இது போதும். நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிரந்தர வழி, பழைய சாஃப்ட்வேரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி வேவ் ஃபைலாக எடுத்துவிடுவது. எஃப்எல்லில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. பல சேனல்கள் ஒரே மிக்சர் டிராக்குக்குப் போயிருந்தால் ஒன்றாகக் கலந்துதான் வெளியே வரும். சேனல்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், எல் அழுத்தினால் ஒவ்வொன்றும் தனி மிக்சர் டிராக்குக்குப் போகும். இந்த வேலையை புராஜெக்டின் நகல் ஒன்றில் செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய மிக்ஸ் கலைந்துவிடும். மாஸ்டரில் இருக்கும் லிமிட்டரை அணையுங்கள். எக்ஸ்போர்ட் திரையில் ஸ்பிளிட் மிக்சர் டிராக்ஸ் டிக் செய்து, டெயில் என்ற இடத்தில் லீவ் ரிமெய்ண்டர் வையுங்கள். கட் ரிமெய்ண்டர் இருந்தால் கடைசி ரிவெர்ப் கத்தரித்தது போல நிற்கும். 24 பிட் போதும், 32 பிட் ஃப்ளோட் இன்னும் நிம்மதி. கியூபேஸில் ஆடியோ மிக்ஸ்டவுன் திரையில் சேனல் செலக்‌ஷனை மல்டிப்பிள் ஆக்கி, இடது வலது லொக்கேட்டர்களைப் பாட்டின் முழு நீளத்துக்கும் வைத்தால் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும்.

ரிவெர்ப் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு செட் எடுப்பது நல்லது. இடம் கொஞ்சம் போகும். ஆனால் ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் வந்து குரலில் எக்கோ குறையுங்கள் என்றால், ரிவெர்ப்போடு மட்டும் எடுத்துவைத்த ஃபைலில் கைவைக்க வழியே இருக்காது.

மிடியையும், அதாவது ஒலியில்லாமல் எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும் ஃபைலையும், எடுத்துவைக்க வேண்டும். எஃப்எல்லில் டூல்ஸ் மெனுவில் மேக்ரோஸ், அதில் பிரிப்பேர் ஃபார் மிடி எக்ஸ்போர்ட் கொடுத்தபிறகுதான் மிடி ஏற்றுமதி ஒழுங்காக வரும். இந்தக் கட்டளை எல்லா வாத்தியங்களையும் மிடி அவுட்டாக மாற்றிவிடும், அதனால் இதுவும் நகலில்தான். ரீப்பரில் அந்த மிடி ஃபைலை இழுத்துப் போட்டால் டெம்போவையும் கொண்டுவரட்டுமா என்று கேட்கும், ஆமாம் சொல்லுங்கள். நடுவில் காலம் மாறும் பாட்டுகளுக்கு இது மிக அவசியம்.

நம் இசைக்கென்று ஒரு எச்சரிக்கை இங்கே சேர்க்க வேண்டும். நாதஸ்வரம், புல்லாங்குழல், வீணை வரிகளில் கமகத்துக்காக எஃப்எல் பியானோ ரோலில் ஸ்லைடு நோட்டுகளைப் போட்டு இழைத்திருப்பார்கள். அந்த ஸ்லைடு நோட்டு எஃப்எல்லின் சொந்த வாத்தியங்களோடு மட்டும் பேசும் மொழி. மிடி ஃபைலில் அதற்கு இடமே இல்லை. ஏற்றுமதி செய்து ரீப்பரில் திறந்தால் சுரங்கள் இருக்கும், சுரங்களுக்கு நடுவே இருந்த இழைவு போயிருக்கும். தோடியின் காந்தாரம் ஆடாமல் நேராக நிற்கும். பிட்ச் பெண்ட் வளைவாக வரைந்திருந்தால் வளைவு வரும், ஆனால் புது பிளகினின் பெண்ட் அளவு பொருந்த வேண்டும். பழைய சின்தில் 12 அரைச்சுரம் என்று வைத்து வரைந்த வளைவை, 2 அரைச்சுரம் மட்டும் வளையும் பிளகினுக்குக் கொடுத்தால் கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிளகினில் பெண்ட் ரேஞ்ச் என்ற அமைப்பைத் தேடிப் பழைய எண்ணையே வையுங்கள். ஸ்லைடு நோட்டு போட்ட வரிகளை மட்டும் தயங்காமல் வேவாக எடுத்துவிடுங்கள், அதற்கு வேறு வழி கிடையாது.

விஎஸ்டி2-இல் செய்த ஒலியை அதே பிளகினின் விஎஸ்டி3-க்குக் கொண்டுபோவதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை. ஸ்டெயின்பெர்க் 2018-லேயே விஎஸ்டி2 உருவாக்கக் கருவிகளைத் தருவதை நிறுத்திவிட்டது. புது பிளகின்கள் விஎஸ்டி3-இலும் கிளாப் என்ற புது வடிவத்திலும் வருகின்றன. ரீப்பர் இன்றும் மூன்றையும் ஏற்கிறது. பிளகினின் சொந்தத் திரையிலேயே பிரீசெட் சேமிக்கும் வசதி இருந்தால் அதில் சேமியுங்கள், அதுதான் எந்த வடிவத்திலும் எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கும். அது இல்லாத பிளகின்களுக்கு எஃப்எக்ஸ்பி என்ற பிரீசெட் ஃபைலாக எடுத்துவைத்தால், ரீப்பரில் பிளகின் திரையின் மேலே உள்ள கூட்டல் குறி பட்டனில் இறக்குமதி செய்யலாம்.

ரீப்பரின் உண்மையான பெருந்தன்மை தெரிவது, ஒரு பிளகின் இல்லாமலே புராஜெக்டைத் திறக்கும்போதுதான். எந்தெந்த எஃபெக்ட் கிடைக்கவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டிவிட்டு, மற்றதைத் திறக்கும். இல்லாத பிளகினின் செட்டிங்கைத் தூக்கி எறியாது. அதை அப்படியே பத்திரமாக வைத்து, நீங்கள் மறுபடி சேமித்தாலும் உள்ளேயே வைத்திருக்கும். ஒரு மாதம் கழித்து பிளகினை நிறுவித் திறந்தால், விட்ட இடத்திலேயே அது எழுந்து நிற்கும். கடலூரில் ரெக்கார்டிங், புதுச்சேரியில் மிக்ஸ் என்று ஒரே புராஜெக்ட் இரண்டு கம்ப்யூட்டரில் அலையும் இடங்களில் இதன் அருமை புரியும்.

இன்னொரு நல்ல விஷயம், ரீப்பரின் புராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்து விஎஸ்டி என்று தேடினால் ஒவ்வொரு பிளகினின் பெயரும், அதன் ஃபைல் பெயரும் அந்த வரியிலேயே இருக்கும். வேறு ஊரிலிருந்து வந்த புராஜெக்டுக்கு என்னென்ன பிளகின் வேண்டும் என்று திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். திறக்கும்போதே மூடிக்கொள்ளும் புராஜெக்டுக்கு, ஓப்பன் திரையின் கீழே ஓப்பன் வித் எஃப்எக்ஸ் ஆஃப்லைன் என்று ஒரு பெட்டி இருக்கிறது. டிக் செய்தால் எல்லா பிளகினும் தூங்கும் நிலையில் திறக்கும். ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்தால் எது குற்றவாளி என்று அகப்பட்டுவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எஃப்எல், கியூபேஸ், லாஜிக் எதன் புராஜெக்ட் ஃபைலையும் ரீப்பர் நேரடியாகத் திறக்காது. பிட்விக், ஸ்டுடியோ ஒன் கொண்டுவந்த டாபுராஜெக்ட் என்ற பொது வடிவத்தையும் தானாகப் படிக்காது, இடையில் ஒரு மாற்றி மென்பொருள் வேண்டும். ஸ்கேன் தோல்விக்கு எது காரணம் என்று ஒரு வரி விளக்கமும் திரையில் கிடைப்பதில்லை. பிரிஃபரன்சஸ் திரை முதல் வாரத்தில் மலைக்க வைக்கும். பாட்டை உட்கார்ந்து உருவாக்குகிற வேலைக்கு எஃப்எல்லின் வேகம் இதில் இல்லை, அது வேறு சுபாவம். ரெக்கார்டிங், எடிட்டிங், மிக்ஸிங் என்றால் ரீப்பர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரீப்பரிலிருந்து வெளியே போகும்போதும் இதே சிக்கல் தலைகீழாக வரும். சென்னையில் புரோ டூல்ஸ் வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு ஃபைனல் மிக்ஸுக்கு அனுப்பினால், அங்கே ஏஏஎக்ஸ் என்ற வடிவ பிளகின் மட்டும்தான் ஓடும். ரியாஈக்யூவும் ரியாகாம்ப்பும் ரீப்பரின் சொந்த ஜேஎஸ் எஃபெக்ட்களும் அங்கே இருக்காது. டிராக்குகளைத் தேர்ந்தெடுத்து, ரெண்டர் திரையில் ஸ்டெம்ஸ், செலக்டட் டிராக்ஸ் என்று வைத்து, எல்லாவற்றையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே எடுத்து அனுப்புங்கள். வீடியோவுக்கான இசை என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். டெம்போவை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். எஃப்எல்லுக்கோ கியூபேஸுக்கோ விண்டோஸில் திரும்பிப் போகிறவர்களுக்கு, ரியாஈக்யூ, ரியாகாம்ப், ரியாகேட் உள்ளிட்ட சிலவற்றை ரியாபிளக்ஸ் என்ற பெயரில் காக்கோஸ் இலவச விஎஸ்டியாகத் தருகிறது.

மாறுகிற நேரத்தையும் பார்த்து வையுங்கள். மாசி மகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வைத்திக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் பாட்டு கேட்டு ஆள் வரும்போது மாறக் கூடாது. 60 நாள் முழு அனுமதி இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் பழைய சாஃப்ட்வேரை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்து, பழைய பாட்டுகளை அதிலேயே முடித்து, புதிய பாட்டு ஒன்றை மட்டும் ரீப்பரில் தொடங்குங்கள். ஆடியோ கார்டை இயக்கும் ஏசியோ டிரைவரை ஒரே நேரத்தில் இரண்டு சாஃப்ட்வேரும் பிடித்துக்கொண்டால் ஒன்றில் ஒலி வராது, ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்தால் போதும்.